ஆலிஸ் வீல்டன் வழக்கு, 1917: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1917 மார்ச் மாதம், முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜை விஷம் வைத்துக் கொல்லச் சதி செய்ததாக இங்கிலாந்தின் டெர்பி நகரத்துப் பழைய துணிக்கடைக்காரப் பெண் ஒருவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். போரை எதிர்த்தவர். இந்த வழக்கைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ஆலிஸ் வீல்டன்?

1866 ஜனவரி 27 அன்று டெர்பியில் பிறந்தவர். அப்பா ரயில் எஞ்சின் ஓட்டுநர். ஆலிஸ் இளவயதில் பிறர் வீடுகளில் வேலை செய்தார். பிற்காலத்தில் பேர் ட்ரீ சாலை 12ஆம் எண் வீட்டில் பழைய துணிகளை வாங்கி விற்கும் கடை நடத்தினார். குடும்பத்தைத் தாங்கியது பெரும்பாலும் அந்தக் கடைதான்.

பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மகள்கள் ஹெட்டி, வின்னி இருவரும் பள்ளி ஆசிரியைகள் ஆனார்கள். ஹெட்டி இல்கெஸ்டன் ஊர்ப் பள்ளியில் வேதாகமப் பாடம் நடத்தினார். வின்னி, ஆல்ஃப் மேசன் என்ற வேதியியலாளரை மணந்து சவுதாம்ப்டனில் குடியிருந்தார். மகன் வில்லி போருக்குப் போக மறுத்தவர். அம்மாவும் மகள்களும் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் இருந்தார்கள். சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சி வட்டாரத்திலும் பழகினார்கள். கட்டாய ராணுவச் சேவைக்கு எதிரான சங்கத்தின் டெர்பி கிளைக்கு ஹெட்டிதான் செயலாளர்.

வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள் போரை ஆதரித்தார்கள் என்றுதானே படித்திருக்கிறோம்?

பாதிதான் சரி. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் வாக்குரிமை இயக்கத் தலைவி எமிலின் பேங்க்ஹர்ஸ்டும் மூத்த மகள் கிறிஸ்டபெல்லும் போராட்டத்தை நிறுத்திவிட்டு அரசின் பக்கம் நின்றார்கள். தங்கள் பத்திரிகையின் பெயரைக்கூட 1915இல் 'பிரிட்டானியா' என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் இன்னொரு மகள் சில்வியா போரை எதிர்த்தார். ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படிப் பிளவு.

1915 ஏப்ரலில் ஹேக் நகரில் பெண்களின் அமைதி மாநாடு நடந்தது. பிரிட்டனிலிருந்து புறப்படத் தயாராக இருந்த பெண்களில் பெரும்பாலோர் கடல்வழி மூடப்பட்டதால் போக முடியவில்லை. அவர்களுக்கும் வாக்குரிமைதான் லட்சியம், ஆனால் அதற்கு விலையாகப் பிள்ளைகளைப் பலிகொடுக்க அவர்கள் தயாராக இல்லை. ஆலிஸ் இந்தப் பக்கம் நின்றவர். என்ன வித்தியாசம் என்றால், அவர் மாநாட்டு மேடைகளில் பேசியவர் இல்லை. தப்பி ஓடி வந்த பையன்களுக்குச் சோறு போட்டு ஒளித்து வைத்தவர்.

தப்பி ஓடி வந்தவர்கள் யார்?

1916 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. முதலில் மணமாகாத ஆண்களுக்கு, மே மாதம் முதல் மணமானவர்களுக்கும். மனச்சாட்சியின் பேரில் மறுக்கலாம் என்று சட்டத்திலேயே வழி இருந்தது. அதற்கு உள்ளூர்த் தீர்ப்பாயத்தின் முன் நின்று நிரூபிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் மறுப்பாளர்களைக் கோழைகளாகவே பார்த்தார்கள். வில்லியின் விண்ணப்பத்தையும் ஏற்கவில்லை.

சுமார் 16,000 பேர் இப்படி மறுத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 6,000 பேர் சிறைக்குப் போனார்கள். 1916இல் 35 பேரைப் பிரான்சுக்கு இழுத்துச் சென்று, ராணுவ நீதிமன்றத்தில் மரண தண்டனை என்று வாசித்துவிட்டு, அதே மூச்சில் பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். ஒரு இளைஞன் அந்தச் சில நொடிகளில் என்ன பாடுபட்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். தன் மகனுக்கும் இதுதான் கதி என்று ஆலிஸுக்குத் தெரியும். இதற்குப் பின் நடந்ததையெல்லாம் புரிந்துகொள்ள இந்தத் தாயின் பயம் முக்கியம்.

அலெக்ஸ் கார்டன் என்பவர் எப்படி வீட்டுக்குள் வந்தார்?

1916 டிசம்பர் 27. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள். ஆலிஸின் கதவைத் தட்டிய ஒருவர், தன் பெயர் அலெக்ஸ் கார்டன், ராணுவத்துக்குப் போக மறுத்துப் போலீஸுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றார். எத்தனையோ பேருக்குச் செய்ததுபோலவே அவருக்கும் ஆலிஸ் இரவு தங்க இடம் ஏற்பாடு செய்தார்.

உண்மையில் அவர் பெயர் வில்லியம் ரிக்கார்ட். வெடிமருந்து அமைச்சகத்தின் கீழ் இயங்கிய பி.எம்.எஸ்.2 என்ற உளவுப் பிரிவின் ஆள். குற்றப் பின்னணி உள்ளவர். மனநிலை சரியில்லை என்று அடைத்து வைக்கப்பட்ட வரலாறும் உண்டு. இரண்டு நாளில் தன் மேலாளர் ஹெர்பர்ட் பூத்தையும் 'தோழர் பெர்ட்' என்று சொல்லி அதே வீட்டுக்கு அழைத்து வந்தார்.

வெடிமருந்து அமைச்சகத்துக்கு எதற்கு ஒற்றர்கள்?

தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் வரும் என்ற பயம்தான். 1916 நவம்பரில் ஷெஃபீல்டில் ஒரு பொறியியல் தொழிலாளியைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனதால் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். அரசு அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அப்புறம் தொழிற்சங்கக்காரர்கள், சோசலிஸ்டுகள், போர் எதிர்ப்பாளர்கள் எல்லாரையும் ஒரே வலையில் வைத்துப் பார்த்தார்கள். ஹெட்டியின் நெருங்கிய நண்பர் ஆர்தர் மக்மானஸ் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளில் பெயர் பெற்ற தொழிலாளர் தலைவர். அந்த ஒரு தொடர்பே ஒற்றர்களை இந்த வீட்டுக்கு இழுத்து வரப் போதுமானது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஒற்று வேலைக்குக் கூலி வாங்குபவர் ஏதாவது கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். 'எல்லாம் அமைதியாக இருக்கிறது' என்று அறிக்கை எழுதினால் வேலை போய்விடும்.

விஷம் இருந்ததா, இல்லையா?

இருந்தது. இதை மழுப்பிப் பேசுகிறவர்கள் ஆலிஸுக்கு நன்மை செய்யவில்லை.

ஆலிஸ் கேட்டதன்பேரில் மருமகன் ஆல்ஃப், 1917 ஜனவரி முதல் வாரத்தில் சவுதாம்ப்டனிலிருந்து ஒரு பொட்டலத்தைத் தபாலில் அனுப்பினார். உள்ளே நான்கு சிறு கண்ணாடிக் குப்பிகள். இரண்டில் ஸ்ட்ரிக்னின், இரண்டில் குராரே. ஸ்ட்ரிக்னின் எலி, நாய்களைக் கொல்லப் பயன்பட்ட மருந்து. குராரே தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய விஷம்; வாய்வழியே போனால் அவ்வளவாக வேலை செய்யாது, ரத்தத்தில் கலந்தால்தான் தசைகள் செயலிழந்து மூச்சு நிற்கும்.

அரசுத் தரப்பு சொன்ன கதை: லாய்ட் ஜார்ஜ் வால்டன் ஹீத் மைதானத்தில் கோல்ஃப் ஆடும்போது விஷம் தோய்த்த ஊசியைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்வது திட்டம். அமைச்சர் ஆர்தர் ஹெண்டர்சனும் குறி.

ஆலிஸ் சொன்னது: விஷம் கேட்டது கார்டன்தான். மறுப்பாளர்களை அடைத்து வைத்திருக்கும் முகாமைக் காவல் காக்கும் நாய்களைக் கொன்றால் ஆட்களை மீட்கலாம் என்றார். அந்த உதவிக்குப் பதிலாக வில்லி, ஆல்ஃப், மக்மானஸ் மூவரையும் தனக்குத் தெரிந்த வழியில் அமெரிக்காவுக்கு அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுத்தார்.

இப்போது அந்தப் பொட்டலத்தையே பாருங்கள். ஆல்ஃப் உள்ளே வைத்த பயன்பாட்டுக் குறிப்பில் நாய் என்ற சொல் இருக்கிறது. ஒரு பொடியை இறைச்சியிலோ ரொட்டியிலோ வைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. பிரதமருக்குக் குறிவைத்தவர் ஏன் ரொட்டித் துண்டைப் பற்றி எழுத வேண்டும்? அரசுத் தரப்பு, நாய் என்பது மறைபொருள் என்றது. எனக்கு அது ஒட்டவில்லை. அந்தக் குறிப்பு மாமியாருக்கு மருமகன் எழுதியது, நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் என்று நினைத்து எழுதியதல்ல.

ஆனால் லாய்ட் ஜார்ஜ் சாக வேண்டும் என்று ஆலிஸ் பேசினார்தானே?

பேசினார். திட்டினார், கெட்ட வார்த்தைகளிலேயே திட்டினார். மன்னரையும் விட்டு வைக்கவில்லை. குடும்பத்துக்குள் எழுதிய கடிதங்களைத் தபாலில் பிரித்துப் படித்து நகல் எடுத்திருந்தார்கள். அவர்கள் ஒரு சங்கேத எழுத்தையும் பயன்படுத்தினார்கள். அதைத் திறக்கும் சாவி வாக்கியமே 'லாய்ட் ஜார்ஜைப் புளிப்பு ஆப்பிள் மரத்தில் தூக்கிலிடுவோம்' என்ற பொருள்படும் வரி. பழைய அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பாட்டின் அடியில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டது.

நீதிமன்றத்தில் இவை வாசிக்கப்பட்டபோது ஆசிரியை வேலை பார்க்கும் பெண்கள் இப்படியா பேசுவது என்று நீதிபதியே அதிர்ந்து போனார். ஒருவரைச் சபிப்பதும் கொலை செய்ய ஏற்பாடு செய்வதும் வேறு வேறு என்று நம் ஊரில் குழாயடியில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மகனை அடித்து இழுத்துப் போகும் அரசை ஒரு தாய் மண்ணை வாரித் தூற்றினால், அந்தச் சாபத்தைச் சதித் திட்டமாக எழுதிக்கொள்ள முடியுமா? 1917இல் முடிந்தது.

விசாரணை எப்படி நடந்தது?

ஜனவரி கடைசியில் ஆலிஸையும் ஹெட்டியையும் டெர்பியில் கைது செய்தார்கள். வின்னியும் ஆல்ஃபும் சவுதாம்ப்டனில் பிடிபட்டார்கள். முதல் விசாரணை டெர்பியில் நடந்தது. அப்புறம் வழக்கை லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லிக்கு மாற்றி, மார்ச் 6 முதல் 10 வரை ஐந்தே நாளில் முடித்தார்கள். அரசுக்காக வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் எஃப். இ. ஸ்மித், அந்தக் காலத்தில் நாட்டின் பெரிய வழக்கறிஞர்களில் ஒருவர். நீதிபதி லோ.

இந்த வழக்கில் என் மனதை உறுத்துவது ஒன்றுதான்: அலெக்ஸ் கார்டன் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. கொலைத் திட்டம் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பது தெரிந்த ஒரே அரசுத் தரப்பு ஆள் அவர். ஆலிஸின் வீட்டில் முதல் இரண்டு நாளும் தனியாக இருந்தவர் அவர். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று தானே முடிவு செய்ததாக ஸ்மித் நீதிமன்றத்திலேயே சொன்னார். பூத் மட்டும் சாட்சி சொன்னார். பூத் வருவதற்குள் பேச்சு எப்படித் தொடங்கியது என்று கேட்க ஆளில்லை. குறுக்கு விசாரணைக்கு எதிரே நாற்காலி காலி.

கார்டனை ஏன் ஒளித்தார்கள்? அவருடைய பழைய குற்றங்களும் மனநல வரலாறும் வெளியே வந்தால் ஜூரி நம்பியிருக்காது என்பதே நேரான விடை. தொழிற்கட்சி உறுப்பினர் வில்லியம் ஆண்டர்சன் நாடாளுமன்றத்தில் கார்டனைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அரசு அசையவில்லை. வழக்கு முடிந்ததும் கார்டனுக்குப் பணம் கொடுத்துத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

எதிர்தரப்பு வழக்கறிஞர் தீக்குளிக்கச் சொன்னார் என்பது நிஜமா?

கிட்டத்தட்ட நிஜம். சையத் ஹைதன் ரிஸா என்பவர் அவர்களுக்காக வாதாடினார். கார்டனைக் கொண்டுவராத வழக்கில் மனிதர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று வாதிட்டவர், கடைசியில் பழைய ஆங்கிலேய வழக்கப்படி கடவுளே தீர்ப்புச் சொல்லட்டும், பெண்கள் பழுக்கக் காய்ச்சிய ஏர்க்கொழுக்களின் மேல் நடந்து காட்டட்டும் என்றார். சீதை தீயில் இறங்கிய கதை அறிந்த நமக்கு அந்த வாதம் புரியும். ஓல்ட் பெய்லியில் அது எடுபடவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்குக் கெடுதலாகத்தான் முடிந்திருக்கும். அவர் முதலில் சொன்ன பாதி மட்டும் போதுமானதாக இருந்தது.

எமிலின் பேங்க்ஹர்ஸ்ட் அந்த நீதிமன்றத்துக்கு ஏன் வந்தார்?

போருக்கு முன் வாக்குரிமை இயக்கத்தார் 300 பவுண்டு செலவழித்து லாய்ட் ஜார்ஜுக்கு விஷம் வைக்க முயன்றதாக ஆலிஸ் சொன்னார் என்று சாட்சியத்தில் வந்தது. விஷம் தோய்த்த ஆணியை அவர் பூட்சில் குத்தி வைப்பது திட்டமாம். இதை மறுக்க எமிலின் அனுமதி கேட்டுக் கூண்டேறி, தன் இயக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் என்னைச் சங்கடப்படுத்தும் ஒரு விவரம் உண்டு. 1913 பிப்ரவரியில் வால்டன் ஹீத்தில் லாய்ட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் வாக்குரிமைப் போராளிகள் குண்டு வைத்தார்கள். அதைத் தூண்டியதற்காக அதே ஏப்ரலில், அதே ஓல்ட் பெய்லியில், எமிலினுக்கு மூன்றாண்டு தண்டனை கிடைத்தது. நான்கு ஆண்டு கழித்து அதே கட்டடத்தில் நின்று, தன் கொடியைத் தூக்கிய பெண்களைக் கைகழுவினார். அவருடைய இயக்கத்தை அவர் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, புரிகிறது. ஆனாலும் ஆலிஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தீர்ப்பு?

ஜூரி அரைமணி நேரத்துக்குள் திரும்பி வந்தது. ஆலிஸுக்குப் பத்து ஆண்டு, ஆல்ஃபுக்கு ஏழு, வின்னிக்கு ஐந்து. ஹெட்டி விடுதலை, ஆனாலும் ஆசிரியை வேலை போயிற்று. ஏப்ரலில் மேல்முறையீடும் தள்ளுபடி.

பத்து ஆண்டும் சிறையில் இருந்தாரா?

இல்லை. ஐல்ஸ்பரி சிறையில் உண்ணாவிரதம் இருந்தார், உடம்பு உடைந்தது. பிறகு லண்டன் ஹாலோவே சிறைக்கு மாற்றினார்கள். டிசம்பரில் மறுபடி சாப்பிட மறுத்தார். சிறையிலேயே செத்துப் போனால் கெட்ட பெயர் என்று லாய்ட் ஜார்ஜே விடுவிக்கச் சொல்ல, 1917 டிசம்பர் 31 அன்று நிபந்தனையோடு வெளியே வந்தார். யாரைக் கொல்லப் பார்த்ததாக வழக்கோ அவரே விடச் சொன்னார் என்பதை வைத்து, அவருக்கே வழக்கில் முழு நம்பிக்கை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஒரு பெண்ணைத் தியாகியாக்கிவிடக் கூடாது என்ற கணக்கு மட்டுமே போதும். வின்னியும் ஆல்ஃபும் 1919 ஜனவரியில் விடுதலையானார்கள்.

பெண்களுக்கு வாக்குரிமை வந்ததைப் பார்த்தாரா?

பார்த்தார். 1918 பிப்ரவரி 6 அன்று, அவர் வெளியே வந்த ஐந்து வாரத்தில், முப்பது வயதைக் கடந்த, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டம் நிறைவேறியது. அதே சட்டம் மனச்சாட்சி மறுப்பாளர்களின் வாக்குரிமையைப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பறித்தது. அம்மா கேட்டதைக் கொஞ்சம் கொடுத்த காகிதத்திலேயே மகனுடையதைப் பிடுங்கினார்கள்.

எப்படி இறந்தார்?

ஊரில் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள், கடை வியாபாரமும் படுத்துவிட்டது. அந்த நேரத்தில் ஊரெங்கும் பரவிய இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் ஆலிஸ், ஹெட்டி, வில்லி மூவரையும் பிடித்தது. சிறையில் பட்டினி கிடந்த உடம்பு தாங்கவில்லை. 1919 பிப்ரவரி 21 அன்று ஆலிஸ் இறந்தார். வயது 53.

நாட்டிங்ஹாம் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பாதிரியார் இல்லை. வில்லி சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் கொடியை எடுத்துப் பெட்டியின் மேல் விரித்தார். கட்சித் தோழர் ஜான் எஸ். கிளார்க் பேசினார், இது நீதியின் பேரால் நடந்த கொலை என்றார். யாராவது சேதப்படுத்துவார்கள் என்ற பயத்தில் கல்லறைக்கு மேல் பெயர்ப் பலகை வைக்கவில்லை.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

ஹெட்டி 1920இல் மக்மானஸை மணந்தார். அதே ஆண்டு மக்மானஸ் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் தலைவரானார். அந்த ஆண்டிலேயே ஹெட்டி இறந்துபோனார். வில்லி சோவியத் ரஷ்யாவுக்குப் போய் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1937இல் ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்து சுட்டுக் கொன்றது. பிரிட்டிஷ் பட்டாளத்திடமிருந்து காப்பாற்ற அம்மா இத்தனை பாடுபட்ட மகன். இந்த ஒரு வரியை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது.

அது பொய் வழக்கு என்று அரசுத் தரப்பில் யாராவது ஒப்புக்கொண்டார்களா?

முழுதாக இல்லை. ஆனால் அப்போது லண்டன் போலீசில் உயர் பதவியில் இருந்த பேசில் தாம்சன் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில், அந்த எண்ணத்தைப் பெண்ணின் தலையில் ஏற்றியதே கார்டனாக இருக்குமோ என்ற சங்கடம் தனக்கு இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவரே இப்படி எழுதினார். பி.எம்.எஸ்.2 பிரிவு 1917லேயே கலைக்கப்பட்டு, உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5க்குள் சேர்க்கப்பட்டது.

தீர்ப்பு ரத்து செய்யப்பட்டதா?

இன்னும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வாழும் கொள்ளுப்பேத்திகள் பல ஆண்டுகளாக மறு ஆய்வு கேட்டுப் போராடி வருகிறார்கள். சதிக் குற்றத்தில் செயல் நடக்க வேண்டியதில்லை, அதைச் செய்ய உடன்பட்டதாகக் காட்டினாலே போதும். அதனால்தான் அந்த ஒப்பந்தப் பேச்சைத் தொடங்கியது யார் என்ற கேள்வி இத்தனை கனமாக இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரை அன்று கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

டெர்பிக்குப் போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

2013இல் பேர் ட்ரீ சாலை 12ஆம் எண் கட்டடத்தில் நகராட்சியும் டெர்பி பல்கலைக்கழகமும் சேர்ந்து நீல நிற நினைவுப் பலகை வைத்தன. 1916 டிசம்பரில் கார்டன் வந்து கதவைத் தட்டிய முகவரி அதுதான்.